இரண்டாம் பாகம் யாருக்குப் பிடித்தது?

ஜனவரி 12

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நன்றாகவே இருக்கிறோம். உன் மாமாவின் முழங்கால் குளிரில் முனகுகிறது. வாய் மட்டும் வழக்கம்போல வேலை செய்கிறது. நீயும் உன் வீட்டுக்காரியும் எப்படி இருக்கிறீர்கள்?

நம் கணினி ஆட்டம் ‘ஏழாம் கூடம்’, அதன் இரண்டாம் பாகம் வந்துவிட்டது. பதினாறு வருஷம் கழித்து! நேற்று அச்சகத்து வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் வாங்கிவிட்டேன், இன்னும் திறக்கவில்லை. பயமாக இருக்கிறது.

ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதி உட்கார்ந்து முதல் பாகத்தை முடித்தோமே, நினைவிருக்கிறதா? நடக்கும் விசைகள் உன்னிடம், தலையைத் திருப்பும் மவுஸ் என்னிடம். “அக்கா, கூரையைப் பாத்தது போதும், கதவைப் பாரு” என்று என் தோளில் இடிப்பாய். எனக்கு அந்த ஆட்டம் பிடித்ததற்குக் காரணம், அதில் துப்பாக்கியும் கிடையாது, துரத்த ஆளும் கிடையாது. ஒரு காலி அறை, ஒரு பூட்டிய கதவு, நம் இரண்டு கண், அவ்வளவுதான். உனக்குப் பிடித்ததற்குக் காரணம் வேறு. அதில் யாரும் பேச மாட்டார்கள்.

இரண்டாம் பாகம் என்றாலே உனக்கு ஆகாது. “நேத்து வச்சதைச் சூடு பண்ணித் தர்றாங்க” என்பாய். இதற்கு மட்டும் விலக்குக் கொடு. ஆளுக்கொரு ஊரில் தனித்தனியாக ஆடுவோம். போனில் வேறு எதை வேண்டுமானாலும் பேசலாம், ஆட்டத்தைப் பற்றிக் கூடாது. நீ ஒரு நிமிஷத்தில் விடையைக் கக்கிவிடுவாய். அதனால் ஆட்டத்தைப் பற்றிக் கடிதம்தான், தபாலில்தான். இணையத்தில் விடை பார்த்தால் நீ என் தம்பி இல்லை.

மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போ.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 30

அன்பு அக்காவுக்கு,

நானும் அவளும் நலம். உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. மாமாவின் முழங்காலுக்கு என் வணக்கம்.

உன் உத்தரவுப்படி வாங்கி ஆரம்பித்துவிட்டேன். இரண்டு அறை முடிந்தது. நன்றாகவே இருக்கிறது, அக்கா. ஒரு பெண் குரல் வருகிறதே, கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறவளாம், அதுதான் இதில் உயிர். முதலில் அதட்டுகிறாள், நாம் திணறினால் மெதுவாகச் சிரிக்கிறாள். “அவசரமில்லை, நான் எங்கேயும் போகப் போவதில்லை” என்று சொல்லும் இடம் அருமை. இரண்டாம் அறையில் தண்ணீர் சொட்டும் சத்தமும், இரும்புப் படியில் நம் செருப்புச் சத்தமும் அப்படியே பக்கத்தில் கேட்பது போல இருக்கின்றன. முதல் பாகத்தைவிட இதுதான் உசத்தி என்று நீயே ஒத்துக்கொள்வாய்.

வேலை நிறைய. பத்து மாடிக் கட்டடம் ஒன்றில் பழைய லிஃப்டைக் கழற்றிப் புதியதை மாட்டுகிறோம். என் ஜோடியாகப் பழைய ஆள், நம் மேஸ்திரிதான். அதனால் சீக்கிரம் முடிக்கிறேன்.

என்றும் உன்,
தம்பி


பிப்ரவரி 11

அன்புத் தம்பிக்கு,

மாமா முழங்காலுக்குக் களிம்பு போட்டாயிற்று. உன் வணக்கத்தையும் சேர்த்துத் தேய்த்தேன்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். என் தொழில் உனக்குத் தெரியும். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் துண்டுத்தாள்களைப் பென்சிலும் கையுமாகப் பிழை பார்க்கிறவள் நான். எழுத்து அரிசி அளவுகூட இருக்காது. அந்தக் கண்ணோடு உன் கடிதத்தைப் படித்தது தப்புத்தான், ஆனால் பழக்கம் விடவில்லை.

உனக்கு அந்தக் குரல் பிடித்திருக்கிறதா? உனக்கா? வானொலியில் அறிவிப்பாளர் வாயைத் திறந்தாலே எழுந்துபோய் அணைக்கிறவன் நீ. உன் கல்யாணத்தன்றுகூட ஒலிபெருக்கியின் கம்பியைப் பிடுங்கிவிட்டு, யாரோ தடுக்கிவிட்டார்கள் என்று சொன்னாய். எனக்கு அந்தக் குரல் பிடிக்கவே இல்லை. நான் கதவை வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவள் துப்புச் சொல்கிறாள். யோசிக்கும்போது ஒருத்தி வந்து காதில் பேசினால் எப்படி இருக்கும்! நீயும் இதையேதான் எழுதுவாய் என்று நினைத்தேன்.

சரி, ருசி மாறலாம். மாமாவே இப்போதெல்லாம் கசப்புக் காப்பி குடிக்கிறார்.

மூன்றாம் அறை முடித்துவிட்டாயா? அங்கே கூரையில் ஒரு நீலத் தாமரை வரைந்திருக்கிறதே, அதை எப்படி விளக்கோடு பொருத்தினாய்? எனக்கு நான்கு நாள் ஆனது.

ஞாயிற்றுக்கிழமை போனை ஏன் இரண்டு நிமிஷத்தில் வைத்துவிடுகிறாய்? “என்ன? என்ன?” என்று மூன்று தடவை கேட்டாய். உன் போன் கெட்டுவிட்டதா, அல்லது என் பேச்சு கெட்டுவிட்டதா?

அன்புடன்,
அக்கா


மார்ச் 9

அன்பு அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். எல்லோரும் சௌக்கியம். போன்தான் பழசாகிவிட்டது, மாற்ற வேண்டும்.

மூன்றாம் அறை முடிந்து நான்காவதும் முடிந்துவிட்டது. அந்தத் தாமரை அழகாக இருந்தது. எனக்கு ஒரு நாள்தான் ஆனது. விளக்கை நேராகக் காட்டினாலே போதுமே! உனக்கு எதற்கு நான்கு நாள் என்று தெரியவில்லை. வயசாகிறது, அக்கா.

நான்காம் அறையில் அந்தக் குரல் பாதிப் பேச்சில் நின்றுவிடுகிறது. அப்போது வரும் அமைதி இருக்கிறதே, நெஞ்சு கனத்துவிட்டது.

எனக்கும் வயசாகிறதுதான். இப்போதெல்லாம் லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்று வேலை செய்வதில்லை, சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுகிறேன். மேஸ்திரி கேலி செய்கிறார். இரண்டு தலையணை வைத்துப் படுத்தால் தூக்கமும் நன்றாக வருகிறது. கவலைப்படும்படி எதுவும் இல்லை.

தம்பி


மார்ச் 17

தம்பி,

நாங்கள் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று இந்தத் தடவை சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்கிறேன்.

மூன்றாம் அறைக் கூரையில் தாமரை இல்லை. நீலத்திலும் இல்லை, வேறு நிறத்திலும் இல்லை. அங்கே கூரையே இல்லை, மேலே வெறும் இருட்டு. நான் புளுகினேன், நீ மாட்டிக்கொண்டாய். இப்படிக் கண்ணி வைத்ததற்கு எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஆனால் வைக்காமல் இருக்க முடியவில்லை.

முதலில் விடையை எங்கேயோ பார்த்து எழுதுகிறாய் என்றுதான் நினைத்தேன். விடை பார்க்கிறவன் விடையை எழுதுவான். நீ விடையையும் எழுதவில்லை. குரல், சொட்டு, செருப்புச் சத்தம், அமைதி. இரண்டு கடிதத்திலும் நீ கேட்டதுதான் இருக்கிறது. பார்த்தது என்று ஒரே ஒரு பொருள் இருக்கிறது, அதுவும் நான் உனக்குச் சொன்ன பொய்.

பிழை பார்ப்பதில் மிகவும் கஷ்டமானது எது தெரியுமா? தப்பாக அச்சான வார்த்தையைச் சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும். விட்டுப்போன வரியைத்தான் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் அது கண் முன்னால் இருக்காது. நீ விட்ட வரி எது என்று நேற்றுத்தான் பிடிபட்டது. இந்த ஆட்டத்தில் முதல் பத்து நிமிஷத்திலேயே அறை புரள்கிறது. சுவர் தரையாகிறது, தரை சுவராகிறது, கதவு தலைக்கு மேலே போய்த் தொங்குகிறது. இரண்டாம் பாகத்தின் புதுமையே அதுதான். முதல் தடவை புரண்டபோது நான் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன். கடை வைத்திருக்கிறவன், தபால்காரன், ஆட்டம் ஆடிய எவனைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வான். நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.

ஆக, நீ ஆடவில்லை. பின்னே யார் ஆடுகிறார்கள்? கணினியை விற்றுவிட்டாயா? உனக்கும் அவளுக்கும் மனஸ்தாபமா, வேறெங்காவது தங்கியிருக்கிறாயா? போன் செய்தால் ‘வேலையில் இருக்கிறேன்’ என்று எழுத்தில் பதில் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் யாருக்கு லிஃப்ட் மாட்டுகிறாய்?

பதில் எழுது. ‘சௌக்கியம்’ என்ற வார்த்தை இல்லாமல் எழுது.

அக்கா


ஏப்ரல் 2

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் உடல்நலமும் அண்ணன் உடல்நலமும் தேவலையா?

நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. நான் வேலை செய்யும் கிளினிக்கில், பல் பிடுங்க வந்தவர்கள் காத்திருக்கும் நேரத்தில் எழுதுகிறேன். வீட்டில் சுவர் மெல்லியது, போன் பேசினால் கேட்டுவிடும். உங்கள் கடிதத்தை அவர் சட்டைப்பையில் மடித்து வைத்திருந்தார், துவைக்கும்போது எடுத்துப் படித்துவிட்டேன். தப்புத்தான்.

எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை அண்ணி. ஆடுவது நான். அவர் நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப்போட்டு, திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். வெல்டிங் வெளிச்சத்தில் கண் கெட்டுப்போயிருக்கிறது, கொஞ்ச நாள் திரை பார்க்கக் கூடாது என்றார். “அக்கா ஆசைப்பட்டுட்டா, ஏமாத்த முடியாது. நீ ஆடு, நான் கேட்டுக்கறேன்” என்றார். எனக்கு இந்த மாதிரி ஆட்டமெல்லாம் பழக்கமே இல்லை. முதல் பாகத்தைக் கல்யாணமான புதிதில் காட்டினார். ஆளே இல்லாத கட்டடத்தில் நான் மட்டும் நடப்பது பயமாக இருந்தது. இரண்டாம் பாகம் எனக்குப் பிடித்திருக்கிறது. பேச்சுத் துணைக்கு ஒருத்தி இருக்கிறாளே! அவர் எழுதியதில் பாதி என் அபிப்பிராயம்.

ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் ஒன்று உறைத்தது. அறை புரளும் ஒவ்வொரு தடவையும் அவர் கேட்பார்.

“திரும்பிடுச்சா?”

“இன்னும் இல்லைங்க.”

“திரும்பினப்புறம் சொல்லு.”

கண் வலிக்கிறவர் அதை ஏன் கேட்க வேண்டும்? அவர்தான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாரே!

இன்னும் சொல்கிறேன். குளியலறைக்குப் போகும்போது சுவரைத் தொட்டுக்கொண்டே போகிறார். ஜனவரியிலிருந்து மூன்று தடவை வாந்தி எடுத்தார். குடிக்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம். தூங்கும்போது சட்டையை முகர்ந்து பார்த்தேன், கிரீஸ் வாடைதான் வந்தது. பிறகு வேறு விதமாகவும் சந்தேகப்பட்டேன், அதை உங்களுக்கு எழுதக் கூச்சமாக இருக்கிறது. இடது பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்புவதே இல்லை. என்மேல் கோபம் என்று நினைத்து நானும் இரண்டு வாரம் முகம் கொடுக்காமல் இருந்தேன்.

உங்களுக்கு ஏதாவது தெரிந்தால் எழுதுங்கள். கிளினிக் முகவரிக்கே எழுதுங்கள்.

பணிவுடன்,
உங்கள் தம்பி மனைவி


ஏப்ரல் 6

அன்புள்ள உனக்கு,

நலம் விசாரிப்பெல்லாம் பிறகு. இதைக் கூரியரில் அனுப்புகிறேன். போனில் சொன்னால் நான் கத்துவேன், நீ அழுவாய், அவன் கேட்டுவிடுவான்.

நான் மருத்துவர் இல்லை, மருந்துத்தாளில் பிழை பார்க்கிறவள். ஆனால் ஒரு காது மந்தம், தலைச்சுற்றல், வாந்தி, அசையும் பொருளைப் பார்க்க முடியாமை, இந்த நான்கையும் ஒரே தாளில் எத்தனையோ முறை பிழை திருத்தியிருக்கிறேன். உள்காதுக் கோளாறுக்கான மாத்திரைத்தாள் அது. அதில் தடித்த எழுத்தில் ஒரு வரி வரும்: உயரமான இடங்களில் ஏறக் கூடாது. அந்த வரியில் புள்ளி விட்டுப்போயிருக்கிறதா என்றுதான் இத்தனை வருஷம் பார்த்தேன்.

அவன் பத்தாவது மாடியில் லிஃப்ட் கூண்டின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறான். ஏன் நிற்பதில்லை என்று இப்போது புரிகிறதா?

முதலில் அவனிடமே கேள். மறுத்தால், கூட வேலை செய்யும் மேஸ்திரியைப் பார். அவருக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். அதற்கும் மசியாவிட்டால் நேராக மேற்பார்வையாளரிடம் போய்ச் சொல். வேலை போகட்டும். பழியை என்மேல் போடு, நான் தாங்குவேன்.

அக்கா


ஏப்ரல் 20

அக்காவுக்கு,

உன் ஆசை நிறைவேறிவிட்டது. அவள் என்னைக் கேட்டாள், நான் சிரித்தேன். மறுநாள் மேஸ்திரி வீட்டுக்குப் போய் அவரைப் பேச வைத்திருக்கிறாள். அதற்கு அடுத்த நாள் காலையில் மேற்பார்வையாளர் முன்னால் போய் நின்றிருக்கிறாள். எட்டாவது மாடியில் இருந்த என்னை, அத்தனை பேர் பார்க்க, கீழே இறங்கி வரச் சொன்னார்கள். கருவிப்பையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பதினான்கு வருஷ வேலை.

என் வீட்டில் என் பெண்டாட்டி என் சட்டைப்பையைத் துழாவுகிறாள். என் அக்கா எனக்குக் கண்ணி வைக்கிறாள். இரண்டு பேரும் முதுகுக்குப் பின்னால் கடிதம் எழுதிக்கொள்கிறீர்கள். நான் என்ன திருடனா?

எனக்கு ஒன்றும் இல்லை. இனிமேல் எழுதாதே.


மே 5

அன்புத் தம்பிக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். கண்ணி வைத்தது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். உன் மனைவியை அனுப்பியது தப்பில்லை, அதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நான் ஆட்டத்தை ஆறாம் அறையோடு நிறுத்திவிட்டேன். மாமா உன்னை விசாரித்தார். காது மருத்துவரைப் பார்த்தாயா?

அக்கா


ஜூன் 19

தம்பிக்கு,

நலமா? இந்த ஒரு வார்த்தைக்காவது பதில் போடு.

அக்கா


செப்டம்பர் 14

அன்பு அக்காவுக்கு,

மாமாவின் முழங்கால் தேவலையா? உன் மே மாதக் கடிதமும் ஜூன் மாதக் கடிதமும் என் மேஜையில்தான் இருக்கின்றன. நலமா என்று கேட்டிருந்தாய். அதற்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் மூன்று மாதம் போய்விட்டது.

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். ஜனவரியில் ஆட்டத்தை நான்தான் ஆரம்பித்தேன். பத்தாவது நிமிஷம் அறை புரண்டது. புரண்டு நின்ற பிறகும் எனக்கு நிற்கவில்லை. கணினியை அணைத்தேன், அப்போதும் வீடு சுற்றியது. குப்பைக்கூடையை இழுத்து அதில் வாந்தி எடுத்தேன். ஆட்டத்தின் கோளாறு என்று நினைத்தேன். எவனோ தலைவலி பிடித்தவன் செய்த இரண்டாம் பாகம் என்று உனக்கு அன்றைக்கே திட்டி எழுத இருந்தேன். இரண்டு நாள் கழித்துப் பல் தேய்க்கும்போதும் அதே மாதிரி சுற்றியது. அதனால் எழுதவில்லை.

பிப்ரவரி கடைசியில் பத்தாவது மாடியில் கூண்டின் மேல் நின்றிருந்தேன். லிஃப்ட் ஏறி இறங்கும் ஷாஃப்ட் என் கண் முன்னால் படுத்துக்கொண்டது, அக்கா. மேலே போகும் கம்பிகளெல்லாம் பக்கவாட்டில் ஓடின. எது கீழே என்று தெரியவில்லை. கையை விட்டேன். இடுப்புப் பட்டை பிடித்துக்கொண்டது. ஓரத்துக்கு வெளியே எவ்வளவு நேரம் தொங்கினேன் என்று தெரியாது, மேஸ்திரி இழுத்துப் போட்டார். “யார்கிட்டயும் சொல்லாதீங்க” என்று அவர் காலைப் பிடித்தேன். “சொல்லல, ஆனா இனிமே உக்காந்து வேலை செய்” என்றார். அதற்கு அடுத்த வாரம்தான் தாமரை அழகாக இருந்தது என்று உனக்கு எழுதினேன்.

அவளிடமும் உன்னிடமும் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். உயரத்தில் வேலை செய்கிறவனுக்குத் தலை சுற்றுகிறது என்று வாயால் சொல்லிவிட்டால், அது உண்மையாகிவிடும். சொல்லாத வரைக்கும் சரியாகிவிடலாம் என்று இருந்தது. அவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை.

காது மருத்துவரை மே மாதமே பார்த்தேன். உன்மேல் இருந்த கோபத்தில் சொல்லவில்லை. நீ சொன்னது சரி. இடது காது இனிமேல் பழையபடி வராதாம். உப்பைக் குறைத்துக்கொண்டு மாத்திரை சாப்பிடுகிறேன். சுற்றல் வருவது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. கம்பெனியில் என்னை அனுப்பிவிடவில்லை. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் பொத்தானை அமுக்கினால் ஒரு போன் அடிக்குமே, அதை எடுக்கிற நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள். வலது காதில் வைத்துப் பேசுகிறேன். முதல் மாதம் அவமானமாக இருந்தது. போன வாரம் ஒருவர் நாற்பது நிமிஷம் மாட்டிக்கொண்டார். மேஸ்திரி போய்ச் சேரும்வரை அவருடைய மாடுகளைப் பற்றியே பேச வைத்தேன். இறங்கின பிறகு மறுபடி போன் செய்து, “பேசினது நீங்கதானா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “நல்லா இருங்க” என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஆட்டத்தைப் பற்றி உண்மையாகவே சொல்லட்டுமா? அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. சகிக்கவில்லை. முதல் பாகத்தின் கால் தூசிக்கு இது ஆகாது. எனக்கு மிச்சம் இருந்தது காது மட்டும்தான், அதிலும் ஒன்றுதான். அதனால் அதில் விழுந்ததைப் பிடித்திருக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அவளுக்கு நிஜமாகவே பிடித்திருக்கிறது. ஆறாம் அறையைத் தாண்டி ஒன்பதுக்குப் போய்விட்டாள். இப்போது எனக்குச் சொல்வதுகூட இல்லை, தனியாக ஆடுகிறாள், சிரிக்கிறாள். ருசி கெட்டவள் என்று சொன்னால் தலையணை பறந்து வருகிறது.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். இன்னும் கொஞ்சம் கோபம் இருக்கிறது. தீரும்போது தீரட்டும்.

நேற்று மாலை படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தேன். பாதியில் சுற்றியது. வழக்கமாக உட்கார்ந்து, செருப்பு வாரைச் சரிசெய்வது மாதிரி பாவனை செய்வேன். நேற்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக அவளைக் கூப்பிட்டேன். ஈரக்கையோடு ஓடி வந்தாள். “என்னாச்சு?” என்றாள். “தலை சுத்துது” என்றேன். அவளிடம் அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு ஒரு படி கீழே உட்கார்ந்துகொண்டாள். சுற்றல் நிற்கிற வரைக்கும் இரண்டு பேரும் அங்கேயே இருந்தோம்.

நான் நலமாக இல்லை, அக்கா. ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு வா.

தம்பி